கழுவி, அளந்து, அப்புறம் ஏலம்: கியர் சைக்கிள் பராமரிப்பும் பழைய பாகங்கள் வாங்குவதும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கியர் சைக்கிள் ஓட்டுபவர்கள் நல்ல ரகப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆன்லைன் ஏலத்தில்தான் தேடுகிறார்கள். புதிதாக வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான். கியர் சரியாக விழவில்லை என்றதும் நேராக ஏலத்துக்குப் போய்விடுகிறார்கள், பாகம் வந்து சேர்ந்த பிறகு அளவு பார்க்கிறார்கள், அது பொருந்தவில்லை என்றானதும் வேறு வழியில்லாமல் பழையதைக் கழுவுகிறார்கள், கழுவினால் பழையதே ஒழுங்காக ஓடுகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதிச் செலவு மிச்சம். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள், நடுவில் ஒன்றைத் தாண்டிப் போக வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

4, 5, 6 மிமீ எலன் கீ, செயின் பின் தள்ளும் கருவி, கோன் ஸ்பேனர், பிரீவீல் அல்லது கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) கழற்றும் சாவி, ஒரு 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல், ஒரு வெர்னியர் (மில்லிமீட்டருக்கும் குறைவாக அளக்கும் காலிப்பர்). கூடவே டீசல், கிரீஸ், பழைய பனியன் துணி, பல்தேய்க்கும் பிரஷ்.

இதில் வெர்னியரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சீட் போஸ்ட் 0.2 மிமீ வித்தியாசத்தில் அளவு மாறும் பொருள், 27.2 போகும் பிரேமில் 27.0 போட்டால் ஓட்ட ஓட்ட இறங்கிக்கொண்டே இருக்கும். இதைத் தையல் டேப்பில் அளக்க முடியாது.

2. முதலில் கழுவுங்கள்

நம்ம ஊர்த் தூசி ஒரு தனி ரகம். பாலாற்று மணலும் ரோட்டோரக் கல்தூளும் செயின் எண்ணெயில் ஒட்டினால் அது அரைக்கும் பசையாகிவிடும். அமிர்தி பக்கம் ஒரு தடவை போய் வந்தாலே செயின் கறுத்திருப்பதைப் பார்க்கலாம்.

செயினைக் கழற்றி டீசலில் ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, முழுசாகக் காயவிடுங்கள். பின் டிரெய்லரில் (derailleur, கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களிலும் பல்சக்கர இடுக்குகளிலும் சேர்ந்த அழுக்கைச் சுரண்டி எடுங்கள். கியர் தடுமாற்றம் பல நேரம் இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் அழுக்கு அடைத்திருந்தால் செயின் பல்லின் அடிவரை போய் உட்காராது.

பைக் கழுவும் இடத்தில் வாட்டர் சர்வீஸ் மட்டும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஹப்புக்குள்ளும் (சக்கரத்தின் நடு உருளை) கிராங்க் (பெடல் மாட்டும் கை) அச்சின் பால்ரஸுக்குள்ளும் போய் கிரீஸைக் கரைத்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு பிடிக்கும். டீசல் பட்ட துணியும் ரிம், டிஸ்க் பக்கம் போகக் கூடாது, பிரேக் கட்டை எண்ணெய் குடித்தால் பிடிக்காது.

காய்ந்த பிறகு ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு லேசான செயின் ஆயில் விட்டு, சில நிமிடம் மிதித்துவிட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது ரோலருக்குள்ளேதான், வெளியே இருப்பது தூசி பிடிக்க மட்டுமே உதவும். வண்டியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். முன்னதில் உலோகத் தூள் இருக்கும், பின்னது நாளடைவில் பிசினாகிவிடும். கத்திரி வெயில் காலத்தில் மெழுகு சேர்ந்த உலர் ரகம் இன்னும் நல்லது, தூசி ஒட்டுவது குறையும்.

3. செயினை அளந்து பாருங்கள்

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மிமீ, அதாவது அரை அங்குலம். ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் விழ வேண்டும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் சுமார் 0.5 சதவீதத் தேய்மானம், 1/8 போயிருந்தால் 1 சதவீதம்.

11, 12 ஸ்பீடு (பின்னால் அத்தனை பல்சக்கரம்) செயினை 0.5-லேயே மாற்றுங்கள், 10 ஸ்பீடும் அதற்குக் கீழும் 0.75 வரை தாங்கும். 1 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பல்சக்கரமும் அந்த நீண்ட செயினுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டு அழுத்தி மிதித்தால் வழுக்கும். அப்போது பலரும் புதுச் செயின்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு செயின் வாங்குகிறார்கள். செயினை நேரத்துக்கு மாற்றினால் ஒரு கேசட் இரண்டு மூன்று செயினைப் பார்த்துவிடும்.

4. ஹப், கிராங்க்: ஓவராயிலிங்

சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் பிரித்துவிடுங்கள். முன் ஹப்பில் பெரும்பாலும் 3/16 அங்குலக் குண்டு பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் 1/4 அங்குலக் குண்டு பக்கத்துக்கு 9. பிரிக்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள், கீழே ஒரு தட்டு வையுங்கள்.

குண்டுகளை மொத்தமாகப் புதிதாக மாற்றுங்கள், உள்ளூர் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும், விலையும் சொற்பம். அப்புறம் கோனை, அதாவது அச்சில் திருகியிருக்கும் கூம்பு நட்டைப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால் கோன் மாற்ற வேண்டும், ஹப்பின் உள்கிண்ணத்திலேயே குழி இருந்தால் அந்த ஹப் முடிந்தது. ஏலத்தில் ஹப் தேட நியாயமான காரணம் அது ஒன்றுதான்.

திரும்பப் பூட்டும்போது குவிக் ரிலீஸ் (லீவரை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும்) அச்சாக இருந்தால் கையில் மிக லேசான ஆட்டம் வைத்தே லாக் நட்டைப் போடுங்கள். குவிக் ரிலீஸ் இறுக்கும்போது அச்சு கொஞ்சம் அமுங்கும், அந்த ஆட்டம் அதில் சரியாகிவிடும். கையிலேயே ஆட்டம் இல்லாமல் இறுக்கினால் சைக்கிளில் மாட்டிய பிறகு குண்டு நசுங்கும்.

கிராங்க் பக்கம் ஒரே ஒரு எச்சரிக்கை. பிஎஸ்ஏ மரை (கிராங்க் அச்சின் கிண்ணம் ஏறும் ஆங்கில வகை மரை) உள்ள பிரேமில் வலது பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால்தான் இறுகும். பெடலில் இடது பெடலுக்கு இடது மரை. வழக்கம்போலத் திருப்பிப் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், பிரேம் மரை போனால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

5. டிரெய்லர் கெட்டது என்று முடிவு செய்யும் முன்

பின்னால் நின்று பாருங்கள், டிரெய்லர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருக்கிறதா? சைக்கிள் வலது பக்கமாக ஒரு தடவை சாய்ந்து விழுந்தாலே வளையும். அடுத்து கேபிளும் அதன் உறையும், துரு பிடித்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். அதற்கும் பிறகுதான் செயின் இரு ஓரப் பல்சக்கரங்களையும் தாண்டாமல் தடுக்கும், எச், எல் என்று எழுதியிருக்கும் ஸ்குரூக்கள், கடைசியில் கேபிள் இழுவையைத் திருத்தும் குமிழ்.

இந்த வரிசை முக்கியம். ஹேங்கர் வளைந்திருக்கும்போது ஸ்குரூவைத் திருப்பினால் ஒரு கியர் சரியாகும், இன்னொன்று கெடும், கடைசியில் செயின் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய் விழும்.

6. அளவுகளை எழுதிவையுங்கள்

இதுவரை செய்த பிறகும் ஒரு பாகம் மாற்றத்தான் வேண்டும் என்றால், ஏலப் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாளில் உங்கள் சைக்கிளின் ஜாதகத்தை எழுதுங்கள். பெரும்பாலான பணம் வீணாவது இந்தத் தாள் இல்லாததால்தான்.

பின் சக்கரத்தில் இருப்பது பிரீவீலா கேசட்டா? நம்ம ஊரில் ஓடும் விலை குறைந்த 7 ஸ்பீடு சைக்கிள்களில் நிறைய ஹப்பின் மேல் மரையில் ஏறும் பிரீவீல்தான். அதற்குக் கேசட் வாங்கினால் மாட்டவே முடியாது. சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் சாவி போடும் பல்வரிசையும் சேர்ந்து சுற்றினால் கேசட், அது நின்றபடி பல்சக்கரம் மட்டும் சுற்றினால் பிரீவீல்.

கேசட் என்றால் ஹப்பில் அது ஏறும் உடலின் நீளமும் தெரிய வேண்டும். ஜப்பானியப் பாக நிறுவனமான ஷிமானோவில் 8, 9, 10 ஸ்பீடு கேசட்டுகள் ஒரே உடலில் ஏறும், ஆனால் ரோடு 11 ஸ்பீடு உடல் 1.8 மிமீ நீளம் அதிகம். 11-க்கான ஹப்பில் ஒரு வளையம் வைத்து 10 போடலாம், 10-க்கான ஹப்பில் ரோடு 11 ஏறாது.

ஷிஃப்டரும் (கையில் கியர் மாற்றும் லீவர்) பின் டிரெய்லரும் ஒரு ஜோடி. ஷிமானோவில் 9 ஸ்பீடு வரை ரோடு, மலைச் சைக்கிள் இரண்டையும் பொதுவாகக் கலந்து போடலாம். 10 ஸ்பீடு மலைச் சைக்கிள் டிரெய்லரில் கேபிள் இழுவைக் கணக்கே வேறு, ரோடு ஷிஃப்டரோடு சேராது. இன்னொரு பாக நிறுவனமான ஸ்ராமின் கணக்கு வேறு, ஷிமானோவோடு கலக்க வேண்டாம்.

ஹேண்டில்பாரில் ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் கை) பிடிக்கும் இடம் 25.4 மிமீயா 31.8 மிமீயா, பிரேக் லீவர் பிடிக்கும் குழாய் 22.2-ஆ 23.8-ஆ என்று எழுதுங்கள். வளைந்த ரோடு பாருக்கான லீவரை நேரான பாரில் மாட்ட முயன்று தோற்றவர்கள் பலர். வி-பிரேக்குக்கு (ரிம்மின் இரு பக்கமும் நீளக் கை உள்ளது) கேபிளை அதிகம் இழுக்கும் லீவர் வேண்டும், ரோடு சைக்கிளின் காலிப்பர் பிரேக்குக்கான லீவர் அதற்குப் போதாது. பின் அச்சு இடைவெளி 130-ஆ 135-ஆ, டிஸ்க் என்றால் அது ஹப்பில் நிற்பது ஆறு ஸ்குரூவிலா, நடுவில் ஒற்றை வளையம் இறுக்கும் சென்டர்லாக்கிலா என்பதும் வேண்டும்.

டயர், ரிம் வாங்குவதென்றால் அங்குலத்தை நம்பாதீர்கள், டயர் ஓரத்தில் இருக்கும் இரண்டு எண்ணில் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். 622 என்றால் 700சி, 29 இரண்டும் அதுதான். 584 என்றால் 27.5, 559 என்றால் 26 மலைச் சைக்கிள். பழைய கறுப்பு ரோட்ஸ்டரின் 28 x 1½ டயர் 635. எண் பெரிதாக இருப்பதால் 700சி-யில் ஏறிவிடும் என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. ரிம்மில் பிடித்து நிற்காது.

7. எதைப் பழசாக வாங்கலாம்

கிராங்க், டிரெய்லர், ஸ்டெம், ஹப், அலுமினிய சீட் போஸ்ட், தோல் சீட். இவை நிதானமாகத் தேய்பவை, தேய்மானம் கண்ணுக்கும் தெரியும், அதனால் பழசில் நல்ல பேரம் இங்கேதான் கிடைக்கும்.

செயின், கேபிள், பிரேக் கட்டை, டயர் இவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். கார்பன் ஹேண்டில்பார், கார்பன் சீட் போஸ்ட், கார்பன் ஃபோர்க் மூன்றையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளே விரிசல் இருந்தால் படத்தில் தெரியாது, அது உடையும்போது முன்னறிவிப்பும் கிடையாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஹேண்டில்பார் உடைந்தால் என்னாகும் என்று யோசித்தால் போதும்.

ஷிமானோ 11 ஸ்பீடு கிராங்கில் ஒரு தனிக் கவனம். உள்ளீடற்ற இரண்டு பாகங்களை ஒட்டிச் செய்த கிராங்க் கை பிரிவதால், 2023 செப்டம்பரில் அந்த நிறுவனமே பரிசோதனைத் திட்டம் அறிவித்தது. 2019 ஜூலைக்கு முன் செய்த அல்டெக்ரா 6800, ஆர்8000, டியூரா-ஏஸ் 9000, ஆர்9100 கிராங்குகள் அதில் வரும். கிராங்க் கையின் உள்பக்கத்தில் இரண்டு எழுத்து உற்பத்திக் குறி இருக்கும். அதன் தெளிவான படத்தை விற்பவரிடம் கேளுங்கள், அனுப்பாவிட்டால் விலகிவிடுங்கள்.

ஹைட்ராலிக் பிரேக் வாங்கினால் எந்த எண்ணெய் என்று பாருங்கள். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மினரல் ஆயில். ஸ்ராம், அவிட் பெரும்பாலும் டாட் (DOT) பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். பிரேக் விஷயம் என்பதால் இதில் குத்துமதிப்பு வேலைக்கே ஆகாது.

8. விலையைப் படியுங்கள்

விற்பவர்கள் கேட்கும் விலை விலையே இல்லை. ஈபே தேடலில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் போட்டு அதே மாடல் சமீபத்தில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். நல்ல நிலை, சுமார் நிலை என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் உங்கள் உச்ச விலை தானாகத் தெரியும்.

உச்ச விலையில் அனுப்பும் கூலி, வரி, கார்டு பணமாற்றக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். ஈபே இந்தியா 2018-இல் மூடப்பட்டுவிட்டதால் இப்போது ஈபே என்றால் வெளிநாட்டுத் தளம்தான், கூலி சில நேரம் பாகத்தின் விலையையே தாண்டும். எல்லாம் கூட்டிய பிறகு புதிது வாங்கும் விலையில் பாதிக்கு மேல் வந்தால் நான் விட்டுவிடச் சொல்வேன், ஏனென்றால் பழசுக்கு வாரண்டி கிடையாது.

ஏலத்துக்கு முன் உள்ளூரையும் ஒரு தடவை தேடுங்கள். காட்பாடியில் விஐடி மாணவர்கள் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் சமயத்தில் முழுச் சைக்கிளே விலைக்கு வரும், நேரில் தொட்டுப் பார்த்து வாங்கலாம்.

9. படங்களைப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும்

முன்பக்கப் படம் அழகுக்கு, பின்பக்கப் படம்தான் உண்மைக்கு. கிராங்க் என்றால் பெடல் மரையும் அதைச் சுற்றிய உலோகமும் தெரிய வேண்டும், விரிசல் அங்கேதான் தொடங்கும். சதுர அச்சுக் கிராங்க் என்றால் சதுரத் துளையின் மூலைகள் வட்டமாகியிருக்கக் கூடாது. தளர்ந்த கிராங்கை அப்படியே ஓட்டியிருந்தால் அப்படி ஆகும், அதை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. டிரெய்லரில் கீழ்க் கூண்டு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்புறக் கீறல் பரவாயில்லை.

பழைய 8, 9 ஸ்பீடு ரோடு ஷிஃப்டரில் கியர் விழவில்லை என்று போட்டு மலிவாக விற்பார்கள். உள்ளே கிரீஸ் இறுகியிருந்தால் கரைப்பான் அடித்துக் கழுவி மறுபடி எண்ணெய் விட்டாலே பல நேரம் உயிர் வந்துவிடும். உடைந்தும் இருக்கலாம் என்பதால் போனாலும் பரவாயில்லை என்ற விலைக்கு மட்டும் கேளுங்கள்.

விற்பவரிடம் கேள்வியைத் துல்லியமாகக் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். இந்த இடத்தை இந்தக் கோணத்தில் படம் எடுத்து அனுப்ப முடியுமா, கூடவே வெர்னியரை வைத்து எடுக்க முடியுமா என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

10. ஏலம் கேட்பது

ஈபேயில் நீங்கள் உச்ச விலையைக் கொடுத்தால் முழுத் தொகையும் உடனே ஏறாது. அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மட்டும் மேலே தளமே உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். இது தெரியாமல் ஐந்து ஐந்து டாலராகத் தாங்களே ஏற்றுபவர்கள் போட்டியைக் கிளப்பி விலையையும் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் உச்ச விலையை ஒரே தடவை, கடைசி சில விநாடிகளில் போடுங்கள், அடுத்தவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. ஜெயித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்பதால் விளையாட்டுக்குக் கேட்கக் கூடாது.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் பழைய ஷிமானோ பாகங்கள் நிறைய வரும், இடைத்தரகுத் தளம் வழியாகத்தான் நாம் கேட்க முடியும். அங்கே பல ஏலங்களில் கடைசி 5 நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும், அதனால் கடைசி விநாடி உத்தி செல்லாது.

11. ஊருக்குக் கொண்டு வருவது

வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்தால் பாகத்தின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைக்குச் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் போடுவார்கள். வரி விகிதம் மாறுவதால் ஏலம் கேட்கும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் அல்லாத பழைய சாமான்களின் இறக்குமதி நம் வெளிநாட்டு வணிகக் கொள்கையில் கட்டுப்படுத்தப்பட்டது, அனுமதி கேட்டுப் பார்சலை நிறுத்தி வைக்கலாம்.

வெளிநாட்டில் அண்ணனோ மாமாவோ இருந்தால் அவர்கள் முகவரிக்கு வாங்கி, ஊருக்கு வரும்போது பயணப் பெட்டியில், சுங்கச் சலுகை வரம்புக்குள் கொண்டு வரச் சொல்வது சுலபம். ஆனால் ஈபேயின் பணம் திரும்பும் உத்தரவாதம் அந்த முகவரியில் சேர்ந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள்தான், அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டால் அதுவும் போய்விடும். அதனால் பெட்டி வந்த அன்றே அவர்களைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த இடங்களைப் படம் எடுக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்குச் சைக்கிள் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

12. வந்த பாகத்தைப் பூட்டுவது

பூட்டும் முன் வெர்னியரால் மறுபடி அளந்து, தாளில் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். ஒரு தடவை பூட்டிக் கீறல் விழுந்துவிட்டால் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

பாகத்தைக் கழுவி, விரிசல் இருக்கக்கூடிய இடத்தில் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், விரிசலில் அழுக்கு கோடாகத் தங்கும், நூலும் மாட்டும். மரைகளில் கிரீஸ் தடவி முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருப்புங்கள். விரலால் ஏறாத மரையை ஸ்பேனர் கொண்டு ஏற்றினால் அது குறுக்கே வெட்டும். கேசட் லாக் ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் வேண்டும், அதாவது நீளமான ஸ்பேனரில் நன்றாக அழுத்தம் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு அந்தந்தப் பாகத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

முதல் ஓட்டத்தைத் தெருவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், எல்லா கியர், எழுந்து நின்று மிதிப்பது, மூன்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கிராங்க் போல்ட்டையும் ஸ்டெம் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், புதிதாகப் பூட்டியவை முதல் சில கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். கழற்றிய பழைய பாகத்தை ஒரு மாதமாவது வைத்திருங்கள். அதுவரை விற்கவோ பழைய இரும்புக்காரரிடம் போடவோ வேண்டாம்.